ஒரு நாள் ஜெபம் தவறினால் கிரீடம் போய்விடுமா?

இந்தக் கடிதம் லிங்கராஜபுரத்திலிருந்து வந்தது. எழுதியவருக்கு 39 வயது. நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வேலைக்காகப் பெங்களூர் வந்து 15 வருடம் ஆகிறது. வைட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மனைவி நர்ஸ். 11 வயதில் ஒரு மகன். யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

9 வருடத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இவர் மனந்திரும்பியிருக்கிறார். குடியை விட்டார், வட்டிக்கடன்களை அடைத்தார், அடிப்பதற்குக் கை ஓங்கும் பழக்கமும் நின்றது. பிறகு ஒரு பிரசங்கத்தில், விசுவாசிக்குப் பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கும் 5 கிரீடங்களைப் பற்றிக் கேட்டார். அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். அதிகாலை 3.30 மணி ஜெபம், 10 அதிகார வேதவாசிப்பு, கைப்பிரதி கொடுத்தது, கோபப்படாமல் இருந்தது என்று பக்கத்துக்கு 12 கட்டங்கள். இரவில் டிக் போடுவார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மறுநாள் உபவாசம். இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். உபவாச நாளிலும் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். போன மாதம் டின் ஃபேக்டரி பஸ் நிறுத்தத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி விழுந்துவிட்டார். யாரோ பழச்சாறு வாங்கிக் குடிக்க வைத்திருக்கிறார்கள். சாறு குடித்ததால் உபவாசம் முறிந்தது என்று, அதற்கும் சேர்த்து மறுநாள் ஓர் உபவாசம் இருந்திருக்கிறார்.

'பரிசுத்தத்துக்காக' ஒரு வருடமாக ஹாலில் தனியாகப் படுக்கிறார். "உங்க பரலோகத்துல எங்களுக்கு இடம் இருக்கா?" என்று மனைவி கேட்டிருக்கிறார். மகனுக்கும் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்து 4.30-க்கு எழுப்புகிறார். அந்தப் பிள்ளை ஜெபிக்காமலே டிக் போட்டு வந்ததைப் போன வாரம் கண்டுபிடித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியிருக்கிறது. 'கொஞ்சம் தளர்த்தினால் நான் ஆகாதவனாய்ப் போய்விடுவேனா? எல்லாம் கிருபை, இதெல்லாம் தேவையே இல்லை என்கிறார் சபையில் ஒரு சகோதரர். அவர் சொல்வது சரியா? பலனை எதிர்பார்ப்பதே பேராசையா? கவுன்சிலரிடம் கேட்பது அவிசுவாசமா?' என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'சில நாள் இந்த ஓட்டம் முடிந்தால் தேவலை என்று இருக்கிறது அக்கா.'

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா என்று அழைத்துவிட்டீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 'ஓட்டம் முடிந்தால் தேவலை' என்பது களைப்பில் வந்த வார்த்தையா, செத்துவிடலாம் என்ற எண்ணமா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும். இரண்டாவதுதான் என்றால், இதற்கு மேல் படிக்குமுன் மனைவியிடம் சொல்லுங்கள். நடுராத்திரியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அப்படி ஓர் எண்ணம் வருவதால் நீங்கள் விசுவாசத்தில் தோற்றவர் ஆகிவிட மாட்டீர்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டவர் எலியா தீர்க்கதரிசி. அவருக்குப் பிரசங்கம் வரவில்லை. தேவதூதன் அவரைத் தூங்கவிட்டு, தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் மாத்திரை

நான் மருத்துவர் இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசுவது தப்பு. சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலை தெளிவில்லாமை எல்லாம் அதன் அறிகுறிகள். பஸ் நிறுத்தத்தில் உங்களுக்கு வந்தவையும் இவைதான். அதுவே ரோட்டைக் கடக்கும்போது வந்திருந்தால்? தூக்கத்தில் வந்திருந்தால்?

இந்த வாரத்திலேயே, எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். உபவாசம் இருக்கிற விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விடவேண்டாம்; நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மனைவி நர்ஸ், இது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் பேசாமல் ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சாறு வாங்கிக் கொடுத்தவரைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் 'உபவாசம் முறிந்தது' என்று மட்டுமே. பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள் என்று கர்த்தர் சொன்னது அந்த மனிதரைப் போன்றவர்களிடம் அல்லவா? அவர் உங்களுக்குச் செய்ததைக் குற்றக் கட்டத்தில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

பவுல் சிலம்பம் பண்ணியது யாருக்காக

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வசனம், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 9:27. 'என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்.' அதை நான் மழுப்பப் போவதில்லை. மூல மொழியில் அது குத்துச்சண்டைச் சொல்; கண்ணுக்குக் கீழே குத்துவது என்று பொருள். முந்தின வசனத்தில் குத்துச்சண்டைக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு வைத்த சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 'ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்.' நம் ஊரில் சிலம்பம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கம்பைச் சுழற்றுவதில் எவ்வளவு வேகம் இருந்தாலும் எதிரில் ஆள் இருக்கவேண்டும்.

கொரிந்துக்காரர்களுக்கும் அப்படித்தான் புரிந்திருக்கும். அந்த நகரத்துக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில், பொசைடன் கோயிலை ஒட்டி, 2 வருடத்துக்கு ஒரு முறை பெரிய விளையாட்டுத் திருவிழா நடக்கும். ஜெயித்தவனுக்குப் பைன் மரத் தழையில் ஒரு கிரீடம். ஒரு காலத்தில் காய்ந்த செலரித் தழையிலும் கட்டினார்கள். 'அழிவுள்ள கிரீடம்' என்று பவுல் சொன்னபோது, அது எத்தனை நாளில் உதிரும் என்று கேட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கியிருந்தார். அந்த விளையாட்டை அவர் கண்ணாலேயே பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஒலிம்பியாவில் போட்டியிட வந்தவர்கள், 10 மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தோம் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது. பந்தயத்துக்குப் போராடுகிறவர்கள் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருப்பார்கள் என்று அவர் எழுதியதன் பின்னணி இப்படிப்பட்டது. ஆகவே, ஒழுக்கமே வேண்டாம் என்கிற உங்கள் சபைச் சகோதரரோடு என்னால் ஒத்துப்போக முடியாது. கிருபை நமக்குப் பாடம் சொல்லித் தருகிறது, அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழப் போதிக்கிறது என்று தீத்துவின் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. கிருபை வந்த வீட்டில் பயிற்சி நிற்காது.

ஆனால் தம்பி, அந்த வசனத்தை அது இருக்கிற இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 8-ஆம் அதிகாரத்தில் பேச்சு இறைச்சியைப் பற்றி. நான் சாப்பிடுவது என் சகோதரனுக்கு இடறல் என்றால் நான் என்றைக்கும் சாப்பிடமாட்டேன் என்கிறார். 9-ஆம் அதிகாரத்தின் பாதி, அவருக்குச் சபையிடம் சம்பளம் வாங்க இருந்த உரிமையைப் பற்றி. உரிமை உண்டு, ஆனால் யாருக்கும் தடையாகக் கூடாது என்று அதை விட்டுவிட்டுக் கூடாரம் தைத்துப் பிழைத்தார். 'என்னைத்தானே எல்லாருக்கும் அடிமையாக்கினேன்' என்று எழுதிய பிறகுதான் ஓட்டப்பந்தயம் வருகிறது. அவர் ஒடுக்கிய சரீரம், இன்னொருவருக்கு வழிவிட மறுக்கும் சரீரம். தனக்குச் சேரவேண்டியதைக் கேட்டு நிற்கும் சரீரம். அந்தக் கம்புக்கு எதிரில் ஆள் இருந்தது. அந்த ஆள் அவருடைய சுயநலம். அதனால் பயனடைந்தவர்கள் கொரிந்துவின் ஏழைகளும் பலவீனரும்.

உங்கள் நோட்டில் 12 கட்டம் இருக்கிறது. ஒரு கட்டத்திலும் மனைவியின் பெயர் இல்லை. மகனுடைய பெயர், கட்டத்துக்கு வெளியே, எழுப்பவேண்டியவன் என்று இருக்கிறது. 9 வருடத்துக்கு முன் உங்களை மாற்றிய கிருபை முதலில் தொட்டது எதை? ஓங்கிய கையை. அது வீட்டாருக்கு நன்மையாக இருந்த ஒழுக்கம். எந்த நோட்டும் இல்லாமல் வந்தது. பின்னால் எங்கேயோ திசை மாறிவிட்டது. நம் மொழிபெயர்ப்பில் 'சரீர ஒடுக்கம்' என்று வருவதைப் பவுல் கொலோசெயர் 2-இன் கடைசியில் எச்சரிக்கையாகவே சொல்கிறார். பார்வைக்கு ஞானம்போல இருக்கும், பிரயோஜனம் இல்லை என்கிறார். ஒடுக்குவதெல்லாம் ஒன்றல்ல.

இன்னொன்று. 9-ஆம் அதிகாரத்தை மனப்பாடமாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அதிகாரம் முன்னால், 7:5-ஐப் பாருங்கள். உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் என்றாலும் கணவனும் மனைவியும் பிரிந்திருக்க 2 நிபந்தனை: இருவரும் சம்மதிக்கவேண்டும், அதுவும் சிலகாலம் மட்டும். நீங்கள் ஒரு வருடமாக ஹாலில் படுப்பதற்கு உங்கள் மனைவியிடம் சம்மதம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இது அவருடைய உரிமை. அதை எழுதி வைத்தவர் நீங்கள் பின்பற்றும் பவுல்.

கூலியா, பலனா

பலனை எதிர்பார்ப்பது பேராசையா என்று கேட்டீர்கள். இல்லை. தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர் என்று விசுவாசிக்கவேண்டும் என எபிரெயர் 11:6 சொல்கிறது. மலைப்பிரசங்கத்தில் கர்த்தர் தானம், ஜெபம், உபவாசம் மூன்றைப் பற்றியும் பேசிவிட்டு, மூன்றுக்கும் 'பிதா பலனளிப்பார்' என்கிறார். பலனை ஆசைப்படாதவன்தான் பரிசுத்தவான் என்ற எண்ணம் வேதத்திலிருந்து வந்தது இல்லை.

நம் வேதாகமத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு, கூலி, பலன். கிரேக்கத்தில் இருப்பது கூலி என்ற சொல்தான், அதை ஒளிக்கவேண்டாம். ஆனால் இந்த எஜமான் கூலி கொடுக்கும் விதத்தை மத்தேயு 20-இல் பாருங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரு பணம். கணக்குப் பிரிவில் 15 வருடம் வேலை பார்த்த உங்களுக்கு அந்த வவுச்சரைப் பாஸ் பண்ணக் கை வராது. அதிகாலையில் வந்தவர்களுக்கும் வரவில்லை. முணுமுணுத்தவர்கள் அவர்கள்தான்.

பலன் என்ற சொல்லில் கனி இருக்கிறது. மரத்துக்கும் கனிக்கும் உள்ள உறவு, வேலைக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு மாதிரி இல்லை. உள்ளே ஓடுகிற சாறே வெளியே கனியாகிறது. கலாத்தியர் 5-இல் ஆவியின் கனிப்பட்டியல் எதில் முடிகிறது தெரியுமா? இச்சையடக்கத்தில். நாம் கொடுக்கும் விலை என்று நீங்கள் நினைத்தது, நமக்குக் கொடுக்கப்படும் கனியாக அங்கே இருக்கிறது. நம் புண்ணியங்களுக்குத் தேவன் முடிசூட்டும்போது தம்முடைய ஈவுகளுக்கே முடிசூட்டுகிறார் என்று பழைய திருச்சபையின் பேராயர் அகஸ்தீன் எழுதினார். 1600 வருடத்துக்கு முன் எழுதியது. எனக்கு இன்றைக்கும் அது பெரிய ஆறுதல்.

5 கிரீடங்கள் என்ற பட்டியல் வேதத்தில் ஒரே இடத்தில் இல்லை. அழிவில்லாதது, நீதியினுடையது, ஜீவனுடையது, மகிமையினுடையது, மகிழ்ச்சியினுடையது என்று பல நிருபங்களில் வருவதைப் பிரசங்கிகள் தொகுத்தார்கள். தொகுத்தது தவறில்லை, ஆனால் அது மார்க் ஷீட் இல்லை. 2 தீமோத்தேயு 4:8-இல் பவுல், அது எனக்கு மாத்திரமல்ல, அவருடைய பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும் என்கிறார். 1 தெசலோனிக்கேயர் 2-இல் மகிழ்ச்சியின் கிரீடம் எது என்று கேட்டு, நீங்கள்தானே என்கிறார். மனிதர்களே அவருடைய கிரீடம். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. ஆபிரகாமிடமோ கர்த்தர் தம்மையே பலனாகச் சொன்னார்: 'நான் உனக்குக் கேடகமும், உனக்கு மகா பெரிய பலனுமாயிருக்கிறேன்.' அவரே பலன் என்றால், அவருக்குப் பயந்து ஒளிந்துகொண்டே அவரைச் சம்பாதிக்க முடியாதல்லவா?

'ஆகாதவன்' என்ற பயம்

அதே 9:27-இன் முடிவில் ஆகாதவன் என்று பவுல் சொல்வது, உரசிப் பார்த்துத் தள்ளப்பட்ட நாணயத்துக்குச் சொல்லும் சொல். நம் பேச்சில் செல்லாக்காசு. இது இரட்சிப்பையே இழப்பதா, ஊழியத்தின் பலனை இழப்பதா என்பதில் சபைகளுக்குள் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு கடிதத்தில் அதை நான் தீர்க்க முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற ஒன்று இருக்கிறது. ஒரு நாள் 3.30-க்கு எழும்பாததையோ, 10 அதிகாரத்தில் 7 படித்ததையோ பவுல் அங்கே பேசவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவர் கொடுக்கும் உதாரணங்கள் விக்கிரகாராதனை, வேசித்தனம், தேவனுக்கு எதிரான முறுமுறுப்பு. அதே நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் ஒருவன் கட்டினது வைக்கோலைப் போல வெந்துபோகிறது. அவனோ அக்கினியில் அகப்பட்டுத் தப்பினவன்போல இரட்சிக்கப்படுகிறான்.

உங்கள் பயத்துக்கு இந்த விளக்கமெல்லாம் இரண்டு நாள்தான் தாங்கும் என்று நினைக்கிறேன். இதைச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. ஆனால் 20 வருடமாக இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசியதில் தெரிந்துகொண்டது. ஒரு பயம் வரும், ஏதோ ஒன்றைச் செய்தால் அடங்கும், மறுநாள் கொஞ்சம் பெரிதாகி வரும், செய்யவேண்டியதும் கூடும். 3 கட்டத்தில் தொடங்கிய நோட்டு 12 ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய திருச்சபைக்கு இது நன்றாகத் தெரியும். லத்தீனில் ஸ்குருபுலுஸ் என்று பெயர் வைத்தார்கள். கூரான சிறு கல் என்று பொருள்; செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல உறுத்திக்கொண்டே இருக்கும். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் கடும் உபவாசம் இருந்து, சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, சாகலாமா என்கிற அளவுக்குப் போனார். வயிறு வாழ்நாள் முழுக்கக் கெட்டது. பிற்பாடு தம் சபையாரை அந்த வழியில் போகவேண்டாம் என்று தடுத்தவரும் அவரே. ஏர்ஃபர்ட் மடத்தில் மார்ட்டின் லூதர் பட்ட பாடும் இதற்கு ரொம்பத் தூரம் இல்லை.

இன்றைய மருத்துவத்தில் இது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாக இருக்கக்கூடும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் யாரும் சொல்லக்கூடாது. ஆனால் பார்க்கவேண்டும். நீங்கள் இருக்கிற ஊரிலேயே, ஓசூர் ரோட்டில், நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். நல்ல சிகிச்சையாளர் உங்கள் விசுவாசத்தை விடச் சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் வேறொருவரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை உங்களுக்கு. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்கள் சம்மதமில்லாமல் நிறுவனத்துக்குச் சொல்லமுடியாது. கவுன்சிலரிடம் போவது அவிசுவாசமா என்றீர்களே, தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்கு உபவாசக் கூட்டம் நடத்தாமல் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதியவர் யார்?

ஆவியானவர் உணர்த்துவதையும் இந்தப் பயத்தையும் எப்படிப் பிரித்து அறிவது? எனக்குத் தெரிந்த அடையாளம் இது. ஆவியானவர் உணர்த்தும்போது விஷயம் தெளிவாக இருக்கும்: 'நேற்று மனைவியிடம் அப்படிப் பேசினாய், போய் மன்னிப்புக் கேள்.' கேட்டதும் அது முடியும். இந்தப் பயத்துக்கு முடிவே கிடையாது. யாரிடமும் போய்ச் சரிசெய்யச் சொல்லாது. நோட்டிடம் மட்டுமே அனுப்பும்.

இனி என்ன செய்யலாம்

நோட்டை எரித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆத்திரத்தில் எரித்தால் அடுத்த வாரம் புது நோட்டு வாங்குவீர்கள். கட்டங்களை 4 ஆகக் குறைக்கலாம் என்பது உங்கள் இன்னொரு யோசனை. அது 12 ஆக வளர எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நான் சொல்வது மூன்றாவது வழி. உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நோட்டை 40 நாள் அவரிடம் கொடுத்து வையுங்கள். நோட்டிலிருந்து ஓர் உபவாசம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்றாரே, அந்த இடது கைதான் இந்த நோட்டு. முதல் 2, 3 வாரம் பயம் கூடும், கூடவே செய்யும். கூடுவதால் நீங்கள் பின்மாற்றத்தில் போகிறீர்கள் என்று அர்த்தமில்லை. சிகிச்சையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த வாரங்களைத் தாண்டுவது எளிது. அதனால் நிம்ஹான்ஸ் போய்வந்த பிறகு இதைத் தொடங்குங்கள்.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. இரவு 7 மணி நேரம் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். தவறினால் தவறியதுதான்; மறுநாள் சேர்த்துச் செய்வது வேண்டாம். லெந்து நாட்களைச் சபை எப்படி எண்ணுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை மொத்தம் 46 நாள். நாமோ 40 என்கிறோம். 6 ஞாயிற்றுக்கிழமைகளை உபவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை உயிர்த்தெழுதலின் நாட்கள். சபையின் மிகப் பெரிய உபவாசத்துக்கு உள்ளேயே ஓய்வு தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கும் 12 கட்டம்.

எனக்கு ஒழுக்கத்தைக் காட்டியவர் என் அம்மா. எங்களுக்கு மெஞ்ஞானபுரம் பக்கம். உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். உங்கள் பாட்டியும் போட்டிருப்பார். அடுப்பு எரிந்த நாளெல்லாம் ஒரு பிடி. வீட்டில் அரிசி இல்லாத நாட்களும் இருந்தன. அன்றைக்குப் பிடியரிசி கிடையாது. மறுநாள் அம்மா இரண்டு பிடி போட்டு நான் பார்த்ததில்லை. விட்ட நாள் விட்ட நாள்தான். 40 வருடம் அந்தக் கை அந்தப் பானைக்குப் போனது. அதைச் சுயஒழுக்கம் என்று சொன்னால் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. உங்களுக்கு ஏதாவது ஒரு பயிற்சி வேண்டும் என்றால், அப்படி ஒன்றை எடுங்கள்: இன்னொருவர் சாப்பாட்டில் போய் முடிகிற மாதிரி, மனைவியின் நைட் ஷிஃப்ட் நாளில் நீங்கள் சமைப்பது மாதிரி.

மகன் டிக் போட்டதைப் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய்தான். ஆனால் அவன் ஏன் போட்டான் என்று கேட்டீர்களா? காலிக் கட்டம் என்றால் அப்பா முகம் எப்படி மாறும் என்று அவனுக்குத் தெரியும். பிதாவைப் பற்றி நீங்கள் பயப்படுவதை, அவன் உங்களைப் பற்றிப் பயப்படுகிறான். தண்டிக்கவேண்டாம். அவனுடைய நோட்டையும் ஐயரிடம் கொடுங்கள். அதைத் திரும்ப வாங்கவேண்டாம். 'அப்பா உன்னை இதில் கட்டாயப்படுத்தியது தப்பு' என்று அவனிடம் சொல்லுங்கள். அப்பா மன்னிப்புக் கேட்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கிருபை என்ற சொல்லை விளக்கவேண்டியிருக்காது. 11 வயதுப் பிள்ளை 4.30-க்கு எழும்பவேண்டியதில்லை, நாளைக்கு அவனைத் தூங்கவிடுங்கள்.

ஹாலில் விரித்த பாயைச் சுருட்டுவதைப் பற்றி மனைவியிடம் நீங்களாக முடிவு அறிவிக்காதீர்கள். ஒரு வருடம் தனியாக விடப்பட்டவர் அவர். என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள், கோபம் வந்தால் கேட்டுக்கொண்டிருங்கள். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களைவிடச் சரியாக அவர் விவரம் சொல்வார். போய்வந்த பிறகு, டாக்டர் மாத்திரையை மாற்றினாரா, நிம்ஹான்ஸில் எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் தம்பி. காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா